நூறு மலர்களின் ஓவியர் உஸ்தாத் மன்சூர்

மொகலாயர் வரலாறு என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன பானிபட் போர்க்களமும், ஆக்ராக் கோட்டையும், தாஜ்மஹாலுமே ஆகும். பாபர் முதல் ஒளரங்கசீப் வரை அரசர் பெயர்களைத் தந்தை மகன் முறை வழுவாது ஒப்பிக்க வல்லார் பலருளர். ஆயின், அவ்வரசர்களுள் ஒருவர் தம் நாட்குறிப்பு நூலில் மீண்டும் மீண்டும் பெயர் சுட்டிப் போற்றிய ஓவியர் ஒருவரைப் பற்றி வினவினால் விடை கூறுவார் அரியர். காஷ்மீரத்து இளவேனிலில் பூத்த மலர்களை நீர்வண்ணம் கொண்டு தாளில் நிலைபெறச் செய்த உஸ்தாத் மன்சூரே அவ்வோவியர்.

அவருடைய வாழ்க்கையை எழுதப் புகுவார்க்கு முதலிலேயே ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படுகிறது. பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், பெற்றோர், மனைவி மக்கள் ஆகியோரைப் பற்றிய செய்தி எதுவும் வரலாற்று ஏடுகளில் இடம்பெறவில்லை. அரசர்க்கு நாழிகைக் கணக்கில் வரலாறு எழுதிய அக்காலம், கைவினைஞர்க்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. எனவே மன்சூரின் வரலாறு என்பது அவர் வரைந்த படங்களின் வரலாறே ஆகும். அப்படங்களின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அவர் இட்ட கையொப்பங்களே அவருக்குரிய சாசனங்கள்.

அவர் பெயர் முதன்முதலில் காணப்படுவது அக்பரின் ஓவியக்கூடத்தில். அக்கூடத்தில் ஒரு படத்தைப் பெரும்பாலும் ஒருவரே வரைவதில்லை. முதிர்ந்த ஆசான் ஒருவர் படத்தின் அமைப்பைக் கோட்டால் வகுப்பார். இளையவர் அதற்கு வண்ணம் தீட்டுவார். முகங்களை மட்டும் எழுதுவதற்கு வேறொருவர் வருவார். எழுத்தர் படத்தின் அடியில் இவ்வினை இன்னாருடையது என்று சிவப்பு மையால் குறித்து வைப்பார். 1590ஆம் ஆண்டையொட்டி உருவான அக்பர் நாமா ஏட்டில் மன்சூரின் பெயர் இவ்வாறுதான் வருகிறது. அமைப்பு ஆசானுடையது, வண்ணம் மன்சூருடையது. அரண்மனைச் செய்திகளையெல்லாம் தொகுத்துத் தந்த அபுல் பஸல், தம் ஆயினே அக்பரி நூலில் அக்காலத்துப் புகழ்மிக்க ஓவியர்களை வரிசைப்படுத்தியுள்ளார். தஸ்வந்த், பஸாவன், கேசு, லால், முகுந்த் என்று நீளும் அப்பட்டியலில் மன்சூரின் பெயர் இல்லை. பிற்காலத்தில் ஒரு பேரரசின் தலைசிறந்த இருவருள் ஒருவராக எண்ணப்பட்டவர், தொடக்கத்தில் பட்டியலுக்கு வெளியே நின்றவர் என்பதனை இளைஞர் கருத்திற்கொள்ளலாம்.

அக்கூடத்துத் தொடக்கநிலை மாணவனுக்குத் தூரிகை உடனே கையில் தரப்படுவதில்லை. வண்ணம் அரைப்பதே முதற் பாடம். பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல்லைப் பொடித்து, மாசு நீக்கி, மீண்டும் அரைத்தல் வேண்டும். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருநீலத்துக்கு அவுரி, பச்சைக்கு மலக்கைட் என்னும் செம்புக் கனிமம், வெண்மைக்கு ஈயவெள்ளை, செந்நீல நிறத்துக்கு அரக்கு என ஒவ்வொன்றுக்கும் பக்குவம் வேறு. சாதிலிங்கமும் அரிதாரமும் ஈயவெள்ளையும் நஞ்சுடையவை. அவற்றை அரைத்த சிறுவர்களின் உடல்நலம் பற்றி எந்த வரலாற்றாசிரியரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அரைத்த பொடியை நீரிலும் வேலம்பிசினிலும் குழைத்துச் சிப்பிகளில் இட்டு வைப்பர். தாளும் அவ்வாறே. பல தாள்களைப் பசையால் ஒட்டித் தடித்த அட்டையாக்கி, அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல் வழவழப்பாக்குவர். வஸ்லி என்பது அதன் பெயர். தூரிகை அணில்வால் மயிரால் ஆனது. பறவை இறகின் தண்டில் செருகப்பட்டது. மிக நுண்ணிய தூரிகையின் முனையில் ஓரிரு மயிரே நீண்டு நிற்கும். அந்த முனையைக் கொண்டே மன்சூர் பின்னாளில் ஒரு பறவையின் இறகில் உள்ள ஒவ்வோர் இழையையும் எழுதினார்.

பாபரின் தன்வரலாற்றைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்து அதற்கு ஓவியம் தீட்ட அக்பர் ஆணையிட்டபோது மன்சூருக்கு நல்ல வாய்ப்பொன்று கிட்டியது. பாபர் தாம் கண்ட நாட்டின் விலங்குகளையும் பறவைகளையும் மரங்களையும் தனித்தனியே விவரித்தவர். காபூலுக்கு அருகில் மலைச்சரிவில் பூத்த லாலா மலர்களை எண்ணச் செய்து, முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ வகை இருந்தன என்று எழுதியவர். லாலா என்பது இன்று டியூலிப் என வழங்கும் மலரின் பாரசீகப் பெயர். அந்நூலின் விலங்குப் பக்கங்களை வரைந்தவருள் மன்சூரும் ஒருவர். கூட்டமும் ஆரவாரமும் நிறைந்த போர்க்காட்சிகளினின்றும் விலகி, ஓர் உயிரைத் தனியே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்திருத்தல் கூடும். நூலின் முகப்புகளுக்குப் பொன்னும் நீலமும் கலந்து பூவேலை செய்யும் தொழிலிலும் அவர் வல்லவர். அதனாலேயே நக்காஷ் என்னும் தொழிற்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர் எழுப்பக்கூடிய வினா ஒன்றைத் தாண்டிச் செல்லல் முறையன்று. ஓவியம் கற்க விழையும் பிள்ளையிடம், உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் மார்க்கத்தில் ஆகுமா என்று வீட்டார் கேட்பது இயல்பே. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைக் கூறியபோது, அவர்கள் உருவம் படைப்போர் பற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்து, வரைந்தே தீர வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு வழிகாட்டினார்கள் என்னும் செய்தி புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அக்பரோ வேறொரு கோணத்தில் சிந்தித்தார். உறுப்பு உறுப்பாக ஓர் உருவத்தை எழுதி முடிக்கும் ஓவியன், அதற்கு உயிரூட்டத் தன்னால் இயலாமையை உணர்ந்து, உயிரளிக்கும் இறைவனை நினைந்தே தீருவான் என்பது அவர் கருத்து எனப் பஸல் எழுதுகிறார். இவ்விரண்டனையும் ஒன்றாக்கிக் காட்டுவது எம் நோக்கமன்று. மார்க்க அறிஞர்க்கும் அரசவைக்கும் இடையே அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது. மன்சூர் பறவையும் விலங்கும் வரைந்த அரசவை ஓவியர் என்பதனை மறைத்தற்கில்லை. ஆயினும் அவருடைய கலை எவ்விடத்தில் முழுமை பெற்றதோ, அவ்விடம் மலர்களே. ஐயமின்றி எல்லாரும் நின்று காணத்தக்க இடமும் அதுவே.

1605இல் ஜஹாங்கீர் அரியணை ஏறினார். மதுவும் அபினும் அவர் உடலைக் கெடுத்தன. சினம் வந்தபோது கொடுமையும் செய்தார். இக்குறைகளையெல்லாம் அவர் நூலே நமக்குச் சொல்கிறது. ஆயின் இயற்கையைக் காணும் கண் அவருக்கு இறைவன் அளித்த கொடை. புதிய விலங்கு வந்தால் நிறுத்துப் பார்ப்பார், அளந்து பார்ப்பார், சில வேளை அறுத்தும் பார்ப்பார். ஒரே படத்தில் முகத்தை ஒருவரும் கண்ணையும் புருவத்தையும் மற்றொருவரும் எழுதியிருப்பினும், எது எவர் கை என்று தம்மால் கூற முடியும் என்று பெருமை பேசியவர் அவர். அத்தகைய கண்ணுக்கு ஈடுகொடுக்க வல்ல கை மன்சூரின் கையாக அமைந்தது.

1612இல் முகர்ரப் கான் என்னும் அதிகாரி கோவாவிலிருந்து அரிய உயிரினங்கள் சிலவற்றைக் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்று வான்கோழி. அமெரிக்கக் கண்டத்துப் பறவையாகிய அது போர்த்துக்கீசியர் கப்பல் வழியே வந்தது. பாபர் விலங்குகளை எழுத்தால் விவரித்தாரேயன்றி ஓவியமாக வரையச் செய்யவில்லை. கேட்பதினும் காண்பது வியப்பை மிகுவிக்குமாதலின் இவற்றை வரையுமாறு ஓவியர்க்கு ஆணையிட்டேன் என்னும் கருத்தை ஜஹாங்கீர் தம் நூலில் குறிப்பிடுகிறார். மன்சூர் வரைந்த அவ்வான்கோழி இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. கழுத்துச் சதையின் சிவப்பும் நீலமும் இன்றும் மங்கவில்லை.

1618இல் தம் குறிப்பு நூலில் ஓவியரைப் பற்றி எழுதும்போது, ஜஹாங்கீர் இருவரை மட்டும் தனியே எடுத்துப் பேசுகிறார். ஒருவர் அபுல் ஹஸன். அவருக்கு நாதிருஸ் ஸமான் என்னும் பட்டம். மற்றவர் மன்சூர், அவருக்கு நாதிருல் அஸ்ர், அதாவது காலத்தின் அரும்பொருள் என்னும் பட்டம். தம் தந்தையார் காலத்திலும் தம் காலத்திலும் இவ்விருவர்க்கு மூன்றாமவர் இலர் என்பது அரசரின் தீர்ப்பு. அபுல் பஸலின் பட்டியலில் இடம்பெறாதவருக்குக் கிடைத்த இடம் இது. அடுத்த ஆண்டு பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அனுப்பிய அரிய வல்லூறு ஒன்று வழியில் பூனையால் கடியுண்டு, அரசவை வந்து சேர்ந்து ஒரு வாரத்துக்குள் இறந்தது. அதன் அழகு அழிந்துவிடலாகாது என்று அரசர் மன்சூரை அழைத்து வரையச் செய்தார். இறந்த பறவையை முன்வைத்து வரையும் ஓவியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாண்டதை மீட்க முடியாது. மறவாமல் வைக்க மட்டுமே முடியும்.

காஷ்மீரத்து வசந்தம்

ஹிஜ்ரி 1029, அதாவது 1620ஆம் ஆண்டின் இளவேனில். அரசவை பனி படர்ந்த கணவாய்களைக் கடந்து காஷ்மீரம் வந்து சேர்ந்தது. அக்பர் 1586இல் வென்ற அந்நிலத்துக்கு ஜஹாங்கீர் தந்தையுடன் முன்பு வந்ததுண்டு. அரசராகிய பின் மலர்கள் பூக்கும் பருவம் நோக்கி வந்தது இம்முறையே. மன்சூரும் உடன் வந்தார்.

அங்கு அவர்கள் கண்ட காட்சி சமவெளி மக்களுக்குப் புதுமையானது. காஷ்மீரத்து வீடுகள் மரத்தால் ஆனவை. இரண்டு மூன்று நான்கு அடுக்கு உடையவை. கூரையின்மேல் மண் பரப்பி, அதில் லாலாக் கிழங்குகளை ஊன்றி வைப்பர். குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் உறங்கும் அக்கிழங்குகள், வசந்தம் வந்ததும் முளைத்து ஆண்டுதோறும் பூக்கும். ஊரே தலையில் பூச்சூடி நிற்பது போன்ற தோற்றம். அவ்வாண்டு அரண்மனைச் சிறு தோட்டத்திலும் நகரின் பெரிய பள்ளிவாசல் கூரையிலும் லாலா மிகச் செழித்துப் பூத்ததை ஜஹாங்கீர் மகிழ்ந்து எழுதியுள்ளார். இறைவனைத் தொழும் இல்லத்தின் கூரையில் லாலா பூப்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. லாலா என்னும் சொல்லை அரபு எழுத்தில் எழுதினால் வரும் எழுத்துகளும் அல்லாஹ் என்னும் திருப்பெயரின் எழுத்துகளும் ஒன்றே. அப்ஜத் கணக்கில் இரண்டுக்கும் 66 என்னும் எண்ணே வரும். துருக்கியர் அம்மலரைப் போற்றியமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர்.

காஷ்மீரத்து மலர்கள் கணக்கில் அடங்கா. அவற்றுள் நாதிருல் அஸ்ர் உஸ்தாத் மன்சூர் வரைந்தவை நூற்றுக்கும் மேல் என்பது ஜஹாங்கீர் தரும் செய்தி. தமிழ் கற்போர்க்கு இச்செய்தி உடனே கபிலரை நினைவூட்டும். குறிஞ்சிப்பாட்டில் அவர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார். ஒருவர் சொல்லால் தொடுத்தார். மற்றவர் வண்ணத்தால் தொடுத்தார். கபிலரின் தொண்ணூற்றொன்பதும் ஓலையேறி, உரை பெற்று, அச்சேறி நம் கைக்கு வந்துவிட்டன. மன்சூரின் நூறு எங்கே என்று தேடப் புகுந்தால் நெஞ்சு கனக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஒரு பருவகாலத்துள் நூறு மலர்கள். அதன் அருமையை வரைந்து பார்த்தவரே அறிவர். மலர் என்பது காத்திருக்கும் பொருளன்று. காலையில் விரிந்த லாலா நண்பகல் வெயிலில் இதழ் மலர்ந்து விரியும், மாலையில் குவியும், சில நாள்களில் உதிரும். மன்சூர் அதனை முன்வைத்துக் கோட்டுருவம் எழுதி, வண்ணக் குறிப்பு எடுத்து, பின்னர்ப் படத்தை நிறைவு செய்திருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிய படங்களுள் அவர் கையொப்பத்துடன் இன்று நம்மிடம் எஞ்சியுள்ள சிறந்த சான்று செந்நிற லாலா ஓவியம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆஸாத் நூலகத்தில் உள்ள ஹபீப்கஞ்ச் தொகுப்பைச் சேர்ந்தது அது. நவாப் சதர் யார் ஜங் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி அரிதின் முயன்று சேர்த்த நூற்செல்வமே அத்தொகுப்பு. துலிபா லனாட்டா என்னும் காஷ்மீரத்துக் கூரைகளில் வளரும் இனமே அம்மலர் எனத் தாவரவியல் அறிஞர் கருதுவர்.

அப்படத்தின் அமைப்பு மிக எளிமையானது. மலை இல்லை, ஆறு இல்லை, அரசர் இல்லை. ஒரு செடி, அதன் மலர், அலையலையாக வளைந்த இலைகள். அவ்வளவே. செடியைத் தனியே நிறுத்தி வரையும் இம்முறைக்கு ஐரோப்பியப் பாதிரிமார் கொண்டுவந்த அச்சிட்ட மூலிகை நூற் படங்களும் துணை செய்தன என்பர். 1580 முதல் ஏசு சபையினர் மொகலாய அவைக்கு வந்து போயினர். அவர்கள் தந்த படங்களை ஓவியர் நன்கு கற்றனர். கற்றதில் இழிவில்லை. அச்சுப் படத்தில் கோடு மட்டுமே இருந்தது. இதழ் வெயிலில் ஒளிரும் சிவப்பையும், இலையின் முதுகில் படரும் சாம்பல் பூத்த பச்சையையும் மன்சூர் நேரில் நின்று கண்டார்.

ஓவியம் பயிலத் தொடங்கும் மாணவ மாணவியர்க்கு இப்படம் ஓர் ஆசிரியராகவே விளங்கத்தக்கது. வசந்தத்தை வரைக என்று போட்டியில் தலைப்புத் தந்தால், நம் பிள்ளைகள் மலையும் சூரியனும் ஓடையும் குடிசையும் தென்னையும் ஒரே தாளில் நெருக்கி, வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகி, இறுதியில் கண்கலங்கி எழுந்து வருவர். மன்சூரின் வழி எளிது. ஒரே ஒரு மலரை எடுத்துக்கொள்க. நமக்கு லாலா வேண்டா, பூவரசு போதும். மணி போன்ற மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, வாடும்போது செம்மை. மூன்று வண்ணத்தில் முடிந்துவிடும். செம்பருத்தியும் நன்று. வேப்பம்பூவும் சரக்கொன்றைக் கொத்தும் கைபழகிய பின் வரையத்தக்கவை. மெல்லிய பென்சில் கோட்டால் உருவத்தை எழுதி, முதலில் நீர் மிகுந்த வெளிர் வண்ணத்தை இதழ் முழுதும் பூசி, நன்றாக உலரவிடுக. உலராமல் கை வைப்பதே தொடக்கநிலையாரின் பெரும்பிழை. அடுத்து அதே வண்ணத்தைச் சற்றுச் செறிவாக்கி நிழல் விழும் பக்கம் மட்டும் தீட்டுக. மூன்றாவதாக நுனித் தூரிகையால் இதழின் நரம்புகளை எழுதுக. இலைகளுள் ஒன்றையாவது வளைத்து அதன் அடிப்பக்கம் தெரியுமாறு வரைந்தால் செடி தாளைவிட்டு எழுந்து நிற்கும். பின்புலத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். மன்சூர் பல படங்களில் அவ்வாறே விட்டுள்ளார். ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது. அவர் கையாண்டது ஒளிபுகாத் தடித்த நீர்வண்ணம். கருமைக்கு மேல் வெண்மை வைக்க அதில் இயலும். நாம் கடையில் வாங்கும் நீர்வண்ணக் கட்டிகள் ஒளி ஊடுருவுபவை. வெளிரிலிருந்து செறிவுக்குச் செல்லலாமேயன்றி மீள முடியாது. வெண்மை வேண்டுமிடத்தில் தாளையே விட்டுவைத்தல் வேண்டும்.

அதே காஷ்மீரப் பயணத்தில் சுக்நாக் ஓடையில் நீருள் மூழ்கி நெடுநேரம் இருந்து வேறிடத்தில் வெளிப்படும் சிறு பறவை ஒன்றை ஜஹாங்கீர் கண்டார். அதன் கால்கள் வாத்தின் கால்களைப் போலத் தோலால் இணைந்தவையா, தனி விரல்களா என்னும் ஐயம் அவருக்கு. பிடித்துவரச் செய்து ஆராய்ந்தபின், அதனையும் மன்சூரே வரைந்தார். 1621இல் அபிசீனியாவிலிருந்து துருக்கியர் வழியே வரிக்குதிரை ஒன்று வந்தது. வண்ணம் பூசி ஏமாற்றுகின்றனரோ என்று அவையோர் ஐயுற்றுச் சோதித்து, படைத்தவனே தீட்டிய கோடுகள் அவை என்று தெளிந்தனர். மன்சூர் வரைந்த அவ்வரிக்குதிரையின் படத்தில் ஜஹாங்கீரே தம் கையால் குறிப்பெழுதி ஓவியரின் பெயரைப் பொறித்துள்ளார்.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய இரு படங்கள் அறிவியலாளரும் வியப்பவை. ஒன்று சைபீரியக் கொக்கு. மற்றொன்று வங்கத்து வரகுக்கோழி. ஐரோப்பிய அறிஞர் சைபீரியக் கொக்குக்கு அறிவியற் பெயர் சூட்டியது 1773இல். வரகுக்கோழிக்குச் சூட்டியது 1789இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மன்சூர் அவற்றை இறகு பிசகாமல் எழுதி வைத்துவிட்டார். அக்கொக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலைக்கு வந்துகொண்டிருந்தது. 2002க்குப் பின் அங்கு அது வரவில்லை. வரகுக்கோழியோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டோடோ பறவையின் மொகலாய ஓவியம் ஒன்று உள்ளது. கையொப்பம் இல்லாவிடினும் மன்சூரின் கைவண்ணம் என்றே பலர் கருதுகின்றனர். டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே பூண்டோடு அழிந்தது.

1627இல் காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் காலமானார். அத்துடன் மன்சூரின் பெயரும் ஏடுகளிலிருந்து மறைகிறது. அவர் என்று இறந்தார், எங்கு அடக்கம் செய்யப்பட்டார் என்பதனை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயின் அவர் தொடங்கிய மலர்க்கலை ஷாஜஹான் காலத்தில் எங்கும் பரவியது. நூல்களின் ஓரங்களிலும், கம்பளங்களிலும், இடைக்கச்சைகளிலும், வாள்பிடிகளிலும் தனித்து நிற்கும் மலர்ச்செடிகள் தோன்றின. தாஜ்மஹாலின் அடிச்சுவர்ப் பளிங்கில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ள மலர்ச்செடிகளைச் சுற்றுலா சென்ற மாணவர் கண்டிருப்பர். அவையெல்லாம் அந்தக் காஷ்மீரத்து வசந்தத்தின் வழிவந்தவையே என்பது கலை வரலாற்று அறிஞர் பலரின் கருத்து.

இனி, அந்த நூறு மலர்கள். 1739இல் நாதிர்ஷா தில்லியைச் சூறையாடினார். 1857இல் ஆங்கிலப் படை மீண்டும் அந்நகரைச் சூறையாடியது. அரண்மனை நூலகத்து ஏடுகள் சிதறின. சில பாரசீகம் சென்றன. சில இலண்டன் சென்றன. சில கிழிந்தும் எரிந்தும் போயின. அதற்கிடையே, ஆங்கிலேயர்க்கு விற்பதற்காகப் பழைய படங்களைப் பார்த்து எழுதி மன்சூரின் பெயரைப் பொய்யாகப் பொறித்த தொழிலும் தில்லியில் நடந்தது. எனவே அவர் பெயர் தாங்கிய படங்களெல்லாம் அவருடையன அல்ல. ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று கொள்ளத்தக்க மலர் ஓவியங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவே. எஞ்சிய மலர்களெல்லாம் எவ்வகையின, எந்நிறத்தன என்பதற்கு ஒரு பட்டியலும் மிஞ்சவில்லை. புதன் கோளில் உள்ள ஒரு பெருங்குழிக்கு உலக வானியலார் மன்சூர் என்று பெயரிட்டுள்ளனர். வானத்தில் இடம் கிடைத்தவருக்கு மண்ணில் ஒரு கல்லறை அடையாளமும் இல்லை.

ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் திங்களில் பூத்து மக்களை ஈர்க்கிறது. அங்குப் பூப்பவை பெரும்பாலும் ஹாலந்திலிருந்து தருவித்த ஒட்டு வகைகள். மன்சூர் கண்ட லாலா அதுவன்று. நகரத்து வீடுகளின் மண்கூரைகள் மறைந்து, அவ்விடத்தில் தகரக்கூரைகள் வந்துவிட்டன. மண்கூரை மாறாத பழைய கட்டடங்கள் சிலவற்றில் மட்டும், நட்டவர் எவரென்று அறியப்படாத கிழங்குகள் பனி உருகியதும் முளைத்துச் செந்நிறமாகப் பூக்கின்றன.